காவல் நிற்கும் சட்டை

என் அண்ணனின் சட்டை ஒன்று இப்போதும் கடலில் இருக்கிறது. நீலக் கட்டம் போட்டது. இடது கையில் பட்டன் கிடையாது. ஒரு சரக்குக் கப்பலின் பின்பக்கம், கம்பியோடு சேர்த்துக் கட்டிய பொம்மை ஒன்று அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. அண்ணன் இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவன் போட்டுக் கழற்றிய துணியில் தண்ணீர் படாதது என்று உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது என்று எழுத வந்தேன். ஆனால் கடலில் நிற்பது மழையில் நனையாமலா இருக்கும்? சோப்பு படாதது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

எங்கள் வீட்டில் வேலையே துவைப்பதுதான். தம்பானூர் ரயிலடிப் பக்கத்து லாட்ஜ்களிலிருந்து விரிப்பும் தலையணை உறையும் காலையில் ஆட்டோவில் வந்து இறங்கும். மூட்டையை அவிழ்த்த கை, அப்படியே ஊறவும் போட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்க்கக்கூடாது, முகரக்கூடாது. யார் படுத்ததோ, என்ன ஒட்டியிருக்கிறதோ. அது அம்மா போட்ட சட்டம். எட்டாம் கிளாஸோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து என் கைக்கும் அது பழகிவிட்டது.

அண்ணன் கப்பலிலிருந்து லீவில் வந்தாலும் அதே சட்டம்தான். அவனை வாசல் கேட்டுக்குள் விடுவதற்கு முன்னாலேயே அம்மா கையை நீட்டுவாள்.

"பையை இறக்கு. கப்பல் நாத்தம்."

"எம்மா, எட்டு மாசம் கழிச்சு மகன் வந்திருக்கேன். முகத்தைப் பாரு."

"முகத்தைப் பின்னே பாக்கலாம். ஏட்டி, அதை வாங்கி முக்கு."

டீசல், உப்பு, பெயிண்ட், அவனுடைய வேர்வை, எல்லாம் கலந்த வாடை அது. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நான் வாங்குவேன். அவன் வேண்டுமென்றே சட்டையைக் கழற்றி என் தலையில் போடுவான். நான் கத்துவேன்.

அவனுக்குக் கப்பலின் மேல்தட்டில் வேலை. பெயிண்ட் சுரண்டுவது, கயிறு இழுப்பது, காவல் நிற்பது. ஆப்பிரிக்கக் கரைப்பக்கம் கொஞ்ச தூரம் கடற்கொள்ளைக்காரர்கள் வரும் இடம். அதைத் தாண்டும் நாட்களில் கப்பலைச் சுற்றி முள்கம்பிச் சுருள் கட்டுவார்கள். ஏறி வருபவர்கள் மேல் பீய்ச்சத் தண்ணீர்க் குழாய்களைத் திறந்துவைப்பார்கள். பழைய துணியை அடைத்து ஆள் மாதிரி பொம்மை செய்து அங்கங்கே நிறுத்துவார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இந்தக் கப்பலில் நிறையப் பேர் விழித்திருக்கிறார்கள் என்று தோன்ற வேண்டும்.

"இந்தக் காலத்துலயும் கொள்ளைக்காரனா?" என்று அம்மா முதல் தடவை கேட்டபோது அண்ணன் சிரித்தான்.

"கப்பல் கண்டுபிடிச்ச மறுநாளே கொள்ளையும் கண்டுபிடிச்சிட்டானுவ எம்மா. நம்ம கரையில மிளகு ஏத்திட்டுப் போன கப்பலையே விடல்லியாம். அன்னைக்கு வாளு, இன்னைக்கு துப்பாக்கி. ஏணி மட்டும் அப்பவும் இப்பவும் ஒண்ணுதான்."

"அவனுகளுக்கு அம்மை இல்லியா?"

"உண்டே. அவளும் மகன் நல்லபடியா திரும்பணும்னு நேர்ச்சை போட்டிருப்பா."

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் எனக்கு அது மனதிலேயே இருந்தது. பிடிபட்ட கொள்ளைக்காரர்களின் வீடியோவை ஃபோனில் தேடிப் பார்த்தேன். வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் எலும்பும் தோலுமாக, என் வயசுப் பையன்கள். ஒருத்தனுடைய சட்டைக் காலர் கிழிந்திருந்தது. அவர்களில் பாதிப் பேர் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள் என்று அண்ணன் சொன்னான். பயப்படவும் முடியாமல் வெறுக்கவும் முடியாமல் ஃபோனை வைத்துவிட்டேன்.

அம்மாவின் நேர்ச்சை எளிது. அந்த இடத்தைக் கப்பல் கடந்ததும் அண்ணன் "தாண்டியாச்சு" என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்புவான். உடனே அம்மா ஈரக் கையோடு கிழக்கேகோட்டைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பாள். வரும்போது அவள் முகமே வேறு மாதிரி இருக்கும்.

கடைசி லீவில் கிளம்புவதற்கு முன்னால் அண்ணன் என்னிடம் கேட்டான்.

"ஏட்டி, எங்க பொம்மைக்குத் தலை சரியில்ல. காத்துல திரும்பி எங்களையே பாக்குது. ஒண்ணு தச்சுத் தாறியா?"

கிழிந்துபோன லாட்ஜ் தலையணை உறை ஒன்றை எடுத்துத் தைத்தேன். கறுப்பு நூலில் மீசை வைத்தேன். ஒரு கண் பெரிதாகப் போய்விட்டது.

"இது நம்ம மாமாவாக்கும்" என்றான். "கொள்ளைக்காரன் மட்டும் இல்ல, கடன் கேட்டு வாறவனும் ஓடிருவான்."

பொம்மைக்குப் போடும் சட்டை காற்றில் பறக்காமல் இருக்க அதன் உடம்போடு சேர்த்துத் தைத்துவிடு என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தான் போட்டிருந்த நீலக் கட்டத்தைக் கழற்றி அப்படியே தைத்துவிட்டதாக, பொம்மையின் தோளில் கை போட்டு ஒரு படம் அனுப்பினான். துவைக்காத சட்டையா என்று கேட்டேன். "பின்னே? அந்த நாத்தத்துக்கே ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்" என்று எழுதினான்.

அந்தத் தடவையும் "தாண்டியாச்சு" வந்தது. அம்மா தேங்காய் உடைத்தாள். அதற்கு மூன்றாம் நாள், கொள்ளைக்காரன் யாரும் இல்லாத அமைதியான கடலில், மதியச் சாப்பாடு முடிந்ததும் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இருபத்தொன்பது வயசு. விமானத்தில் பெட்டி வந்தது. மருந்து வாடை மட்டும்தான் அடித்தது.

அவனுடைய பை பிறகு தனியாக வந்தது. கப்பல் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நான் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஜிப்பைத் திறந்தேன். வாளியில் சோப்புத் தண்ணீர் தயாராக இருந்தது. என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கைலி, பனியன், இரண்டு சட்டை, துண்டு என்று எல்லாவற்றையும் முக்கி, இரண்டு தடவை கசக்கியும் விட்டேன். அதற்குப் பிறகுதான் தலையில் உறைத்தது. வெளியே எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். லாட்ஜ் விரிப்பு மாதிரி மணந்தது.

அம்மா வந்து நின்றாள்.

"எல்லாத்தையும் முக்கிட்டியாட்டி?"

அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருக்கலாம். என் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஒரு சட்டையை எடுத்து அலச ஆரம்பித்தாள். வேறு என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பொம்மையின் சட்டை நினைவுக்கு வந்தது ஒரு வாரம் கழித்து. அண்ணனுக்கு மேலே இருந்தவரைப் போசன் என்பார்கள். மேல்தட்டு ஆட்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். குளச்சல்காரர், வயசானவர். அவர் நம்பருக்குக் குரல் பதிவு அனுப்பினேன். அழுகையில் பாதி வார்த்தை வரவில்லை. சட்டையை எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வையுங்கள், துவைக்காதீர்கள் என்றேன். சரி மக்களே, நான் ஊருக்கு வரும்போது என் கையாலேயே கொண்டு தாறேன் என்று மகளிடம் சொல்வது போலச் சொன்னார். அதற்குப் பிறகு நாட்களை அதை வைத்துத்தான் தள்ளினேன். விரிப்பு பிழியும்போதெல்லாம், முகத்தில் அந்தச் சட்டையை வைப்பதை நினைத்துக்கொள்வேன். மூக்கைப் பிடிக்க மாட்டேன் அண்ணா என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் போசன் கூப்பிட்டார்.

"மக்களே, ஒண்ணு கேக்கட்டா? கோவப்படக்கூடாது."

"சொல்லுங்க மாமா."

"நாளைக்கு மறுபடி கொள்ளைக்காரன் வாற அந்த இடத்துல ஏறுதோம். அதுக்கு முன்னாடி சட்டையை எடுத்திரலாம்னு கத்தியோட போனேன். பயலுவ விடமாட்டேங்கானுவ. அவன் நிக்கட்டும்ங்கானுவ."

"வேற பொம்மை செய்யலாமே."

"செய்யலாம். நாலு செஞ்சாச்சு. ஆனா இது பொம்மை இல்லியே இவனுவளுக்கு. காவல் வாட்ச் மாறும்போ அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் கீழ எறங்குதானுவ. புதுசா ஏறுன ரெண்டு பேரு உங்க அண்ணனைப் பாத்ததே இல்ல, அவனுவளும் சொல்லுதானுவ. பிரிச்சா பயந்துருவானுவ. உனக்குள்ளதுதான் அது. நீ எடுன்னு சொன்னா இப்பமே எடுத்திருதேன்."

எடுங்கள் என்றுதான் வாயில் இருந்தது. அது என்னுடையது. என் அண்ணன், என் தையல். ஒரு மழை பெய்தால் மிச்சம் இருப்பதும் போய்விடும். அந்த இரண்டு பேருடைய வீட்டிலும் யாரோ ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்பதும் தெரிந்தது. அதை நினைக்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

"இந்த ஒரு தடவை நிக்கட்டும் மாமா" என்றேன்.

ஃபோனை வைத்ததும் திரும்பக் கூப்பிட்டு வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எத்தனை தடவை கை போனது என்று எனக்குத்தான் தெரியும். அந்த நாட்களில் யார் மேலெல்லாமோ கோபம் வந்தது. பயந்த அந்த இரண்டு பேர் மேல்கூட.

ஐந்தாம் நாள் மெசேஜ் வந்தது. "தாண்டியாச்சு." கூடவே ஒரு படம். பொம்மை முள்கம்பிக்குப் பின்னால் நேராக நிற்கிறது. பெரிய கண் கடலைப் பார்க்கிறது. நீலக் கட்டம் வெயிலில் வெளுத்துப் பாதி வெள்ளையாகிவிட்டது. கையில் பட்டன் இல்லாத இடம் மட்டும் அப்படியே தெரிகிறது.

அம்மாவிடம் காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு வந்து செருப்பை மாட்டினாள். வாசல்வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"போசன் என்னைக்கு வாறாராம்?"

"அடுத்த மாசம்."

"அன்னைக்கு நீ வாளியில தண்ணி பிடிக்காதே" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.