பட்டை போட்டுக்கொண்டு பரிணாமம் பேசியவள்

இரண்டு வருடங்களுக்கு முந்தைய மார்கழி மாதம். தீபத்துக்கு வந்த கூட்டமெல்லாம் வடிந்து, திருவண்ணாமலை மறுபடி எங்கள் கைக்கு வந்த மாதிரி இருந்த நாட்கள். என் மகள் ஊருக்கு வெளியே உள்ள ஒரு கல்லூரியில் விலங்கியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு விவாதக் கூட்டம் வைத்திருந்தார்கள். 'உயிர்கள் வந்தது படைப்பாலா, பரிணாமத்தாலா?' என்பது தலைப்பு. பெற்றோரும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவள். பரிணாமம் என்ற வார்த்தையே மகள் சொல்லித்தான் தெரியும். ஒன்றிலிருந்து ஒன்றாக மெல்ல மெல்ல மாறித்தான் இத்தனை உயிர்களும் வந்தன என்று ஒருநாள் நான் குழம்பு தாளிக்கும்போது விளக்கினாள். "அப்ப சாமி?" என்றேன். "சாமி எங்கயும் போகலம்மா, கடுகு தீயுது பாரு" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பௌர்ணமி தவறாமல் என்னோடு மலை சுற்றுகிறாள், நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. எனக்கு அது போதும்.

ஆனால் என் அண்ணனுக்குப் போதவில்லை. கீழ்பென்னாத்தூரில் நிலம் வைத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிறவர். எங்கள் வீட்டில் எந்த நல்லது கெட்டதும் அவர் சொல் இல்லாமல் நடக்காது. மகளுக்குச் சென்னையில் மேல்படிப்பு படிக்க ஆசை. அண்ணனோ ஒரு வரனைக் கையில் வைத்துக்கொண்டு, தை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். "உங்கண்ணன் சரின்னா படிக்கட்டும், இல்லன்னா கல்யாணம்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் நேராகவே சொன்னார். "மலையடிவாரத்துல பொறந்துட்டு, மனுஷன் கொரங்குல இருந்து வந்தான்னு படிக்கிறா. இன்னும் ரெண்டு வருஷம் ஜாஸ்தியா படிச்சான்னா கோயில் வாசப்படி மிதிக்க மாட்டா. இன்னாதான் சொல்லித் தராங்கன்னு நானே வந்து பாத்துடறேன். அப்புறம் பேசிக்கலாம்."

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் அந்தக் கூட்டத்துக்குப் போனோம். மகள் பேச்சாளர் இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் வந்தாள். அது எனக்குப் பெரிய நிம்மதி. பேசுகிறவர்கள் பேசட்டும், இவள் வாயைத் திறக்காமல் இருந்தால் அண்ணனுக்குக் கோபம் வர வழியில்லை என்று கணக்குப் போட்டிருந்தேன்.

உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அவளுடைய ஆசிரியை வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். பரிணாமத்தின் பக்கம் கடைசியாகப் பேச வேண்டிய பையனுக்குக் காய்ச்சலாம். "அவனுக்குப் பேச்சு தயார் பண்ணிக் குடுத்ததே நீதானே? நீயே மேடை ஏறிடு, வா வா" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

மகள் எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். அண்ணன் என் காதருகே, "வேணாம்னு சொல்லும்மா" என்றார். நான் ஜன்னல் வழியே தெரிந்த மலையைப் பார்த்தேன். என்ன தைரியம் வந்ததோ, "போயிட்டு வா" என்று தலையசைத்துவிட்டேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சென்னை போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் பேசி முடித்து அவள் முறை வந்ததுமே பின்னாலிருந்து ஒரு குரல், "நெத்தியில பட்டை, பேச்சுல கொரங்கா?" என்றது. கூடமே சிரித்தது. படைப்பின் பக்கம் அவளுக்கு முன்னால் பேசிய பையன் நல்ல வாய்க்காரன். "கொரங்குல இருந்து மனுஷன் வந்தான்னா, கிரிவலப் பாதையில இருக்கற கொரங்குங்க மட்டும் ஏன் இன்னும் பிஸ்கட் பாக்கெட்டையே புடுங்கிட்டு இருக்கு? அதுங்களுக்கு எப்ப புரமோஷன்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கி வைத்திருந்தான். என் அண்ணனும் தொடையில் தட்டிச் சிரித்தார்.

மகள் மைக்கைச் சரிசெய்துகொண்டாள். "அந்தக் கொரங்கு நமக்குத் தாத்தா இல்லீங்க, பங்காளி. ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டன். அவரு வழியில பிரிஞ்சு அதுங்க ஒரு பக்கம் போச்சு, நாம ஒரு பக்கம் வந்தோம். பங்காளிங்கன்னா சண்டை இருக்கத்தானே செய்யும்? அது பிஸ்கட்டுக்கு நடக்குது, அவ்வளவுதான்."

இப்போது சிரிப்பு இவள் பக்கம் வந்தது. அதன் பிறகு தடுமாறாமல் பேசினாள். பாறைக்குள் கிடைத்த எலும்புகள், திமிங்கிலத்தின் துடுப்புக்குள் நம் கை மாதிரியே விரல் எலும்பு இருப்பது என்று என்னென்னவோ சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அண்ணன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கேட்டதை மட்டும் கவனித்தேன்.

பேசி முடித்ததும் அந்தப் பையன் எழுந்தான். "எல்லாம் சரி. மொதல் உயிர் எப்படி வந்துச்சு? சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லு."

மகள், "தெரியாது" என்றாள்.

ஓவென்று ஒரே கூச்சல். விசில் வேறு. "எறங்கு, எறங்கு" என்றார்கள். "பாத்தியா, நாலு பேர் முன்னாடி தலைகுனிய வச்சுட்டா" என்று அண்ணன் முணுமுணுத்தார். எனக்கு மேடையில் போய் அவளை அழைத்துக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது.

அவள் இறங்கவில்லை. கூச்சல் அடங்கும்வரை நின்றாள். "நம்ம ஊரு கதை உங்களுக்கெல்லாம் தெரியும்" என்று ஆரம்பித்தாள். "அடியும் முடியும் தெரியாத ஜோதியா சாமி நின்னாரு. முடியப் பாக்க பிரம்மா அன்னமா மேல பறந்தாரு. பாக்கவே இல்ல. ஆனா பாத்தேன்னு சொல்லி, தாழம்பூவப் பொய்சாட்சிக்குக் கூட்டிட்டு வந்தாரு. அடியப் பாக்க பெருமாள் பன்றியா பூமியத் தோண்டிட்டுப் போனாரு. கிடைக்கல. திரும்பி வந்து, என்னால முடியல, பாக்கலன்னு உண்மையச் சொன்னாரு. சாமி யாரை ஏத்துக்கிட்டாருன்னு நான் சொல்லணுமா? எங்க படிப்பும் தோண்டற படிப்புதாங்க. கிடைச்ச வரைக்கும் சொல்லுவோம். கிடைக்காததைக் கிடைச்சுதுன்னு சொல்ல மாட்டேன். அதுவும் அந்த ஜோதியே மலையா நிக்கற ஊர்ல நின்னுக்கிட்டு" என்று ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள்.

எனக்கு என்ன ஆனதென்றே தெரியாது. கோபுரத்தின் முன்னால் நிற்பதாகவே நினைத்துவிட்டேன். இரண்டு கைகளும் தானாகத் தலைக்கு மேல் போக, "அண்ணாமலையானுக்கு..." என்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்துவிட்டேன்!

எங்கள் ஊரில் பாதியைச் சொன்னால் மீதி யார் வாயிலும் நிற்காது. "அரோகரா!" என்று கூடமே அதிர்ந்தது. விசிலடித்த பிள்ளைகள், பேராசிரியர்கள், தண்ணீர் கொண்டுவந்த அம்மா, மேடையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த மூன்று பேர், எல்லோரும்தான். பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன், என் அண்ணனின் கைகளும் தலைக்கு மேலே.

நடுவர் வெளியூர்க்காரர். திகைத்துப்போய், "இது எந்தக் கட்சிக்குப் போட்ட கோஷம்?" என்று மைக்கிலேயே கேட்டார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நான் வெட்கத்தில் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். மகள் மட்டும் நிதானமாக, "கும்பிடறதும் நான்தான், கேள்வி கேக்கறதும் நான்தான். எனக்கு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்கல" என்று சொல்லி வணக்கம் வைத்தாள். அப்போது விழுந்த கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றைக்குச் சிறந்த பேச்சாளர் பரிசு அவளுக்குத்தான். எதிர்ப்பக்கம் பேசிய பையனே வந்து கை குலுக்கிவிட்டு என்னிடம், "ஆன்ட்டி, நீங்க குரல் குடுத்ததுல எங்க டீமே உங்க பக்கம் சேந்துடுச்சு. அப்புறம் நாங்க எங்க ஜெயிக்கறது?" என்றான்.

பேருந்து நிறுத்தம்வரை அண்ணன் எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று போனார். நான் பயந்துகொண்டே நடந்தேன். நிழலில் நின்றதும் மகளைப் பார்த்து, "ஏம்மா, அந்தப் பங்காளி சமாசாரம் நெசமா?" என்றார்.

"நெசந்தான் மாமா."

"அப்ப எங்காட்டுல பூந்து மல்லாட்டையெல்லாம் தோண்டிட்டுப் போவுதே காட்டுப்பன்னி, அது?"

"அதுவும் சொந்தம்தான். கொஞ்சம் தூரத்துச் சொந்தம்."

"அதான பாத்தேன். சொந்தக்காரன் இல்லாம எவன் அவ்வளோ உரிமையா உள்ள பூந்து தோண்டுவான்?" என்று சொல்லிவிட்டு அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அப்படியே போனை எடுத்து வரன் வீட்டுக்குப் பேசினார். "பொண்ணு இன்னும் ரெண்டு வருஷம் படிக்கணும்ங்கறா. இப்ப வேணாங்க" என்றார். பேசி முடித்துவிட்டு என்னிடம், "உன் வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். நடுரோட்டில் நின்று அழுதேன். சந்தோஷத்தில் அப்படி அழுதது அதுதான் முதல் தடவை.

இப்போது அவள் சென்னையில் மேல்படிப்பை முடிக்கப் போகிறாள். என் பிள்ளை எவ்வளவு தெரிந்துகொள்கிறாள் என்று என்னால் அளக்க முடியாது; ஆனால் அத்தனை பேர் கூச்சலுக்கு நடுவில் ஒரு பொய் சொல்லித் தப்பிக்க வழி இருந்தும் அவள் சொல்லவில்லையே, அதை நினைத்துத்தான் தினமும் விளக்கேற்றும்போது அவளைப் பற்றிப் பயமில்லாமல் கைகூப்புகிறேன்.