மஞ்சள் தலைக்கவச அக்கா

ஜெர்மனியில் உலகக் கிண்ணக் கால்பந்து நடந்த கோடையில், எனக்குப் பைத்தியமெல்லாம் கைட்சர்ஃபிங் மேல்தான். பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் பறக்கலாம். ஒருநாள் ஃபேமார்ன் தீவருகே பட்டக் கயிறு ஒன்று அறுந்து, பட்டத்தோடு நானும் தண்ணீரில் விழுந்தேன். காற்று கரையை விட்டு அப்பால் தள்ளியது. “அம்மா” என்று கத்திவிட்டேன்.

மஞ்சள் தலைக்கவசத்தோடு ஒரு பெண் தன் பட்டத்தில் வந்து என்னைச் சுற்றி வட்டமடித்தார்.

“தமிழோ? கிட்ட வந்தா உம்மட கயிறு என்னிலையும் சுத்தும். முதல்ல அதைச் சுருட்டும்.”

விறைத்த விரல்களால் சுருட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கேள்வி.

“ஊரிலை எவடம்?”

“அம்மா ஆக்கள் எவடம்?”

எந்த ஊர், எந்த இடத்து ஆட்கள் என்று கல்யாண வீடுகளில் கேட்டு எனக்கு எரிச்சலூட்டும் அதே கேள்விகள். பல் கிடுகிடுக்கப் பதில் சொன்னேன். சுருட்டி முடித்ததும், தன் இடுப்புப் பட்டியைப் பிடிக்கச் சொல்லிக் கரைக்கு இழுத்துவந்தார்.

“அம்மான்ர ஊர் உங்களுக்குத் தெரியுமோ அக்கா?”

“நீர் சொன்னது ஒண்டும் வடிவாக் கேக்கேல்லை தம்பி. வாய் அசையுதோ எண்டுதான் பாத்தனான்.”

சிரித்துவிட்டு மறுபடி கடலில் இறங்கினார்.

அதன்பின் எத்தனையோ தடவை அந்தக் கரைக்குப் போய்விட்டேன்; அவரைக் காணவில்லை. அவரிடம் ஊரில் எவடம் என்று கேட்க வேண்டும்.