கேட்டால் கொடுக்கிற குட்டி

பெண் பார்க்கப் போன வீட்டில் நான் முதலில் பார்த்தது நாய்க்குட்டிகளைத்தான். தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்ததால் வேறெதுவும் கண்ணில் படவில்லை. கோரமண்டல் என்ற ஊரில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று அது. என் அம்மாவும் அக்காவும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு மர நாற்காலி. எதிரே கயிற்றுக் கட்டில். அதன் அடியில் கோணிப்பை விரித்து ஒரு தாய் நாய் படுத்திருந்தது, பழுப்பும் வெள்ளையுமாக, தொங்கும் காதுகளோடு. குட்டிகள் அதன் மேல் ஏறுவதும் சறுக்குவதுமாக இருந்தன.

குடியாத்தத்திலிருந்து வந்திருந்தோம். அங்கே நான் கைலி நெய்துகொண்டிருந்தேன். ரயிலில் வழியெல்லாம் அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அந்தப் பொண்ணு ஏற்கெனவே ரெண்டு பேர வேணாம்னு சொல்லிட்ச்சாம். நீ கல்லு மாதிரி குந்திக்கினு இருந்தா உனக்கும் அதான். எதனா வாயத் தொறந்து பேசு."

எனக்கு அந்தப் பெண்ணைத்தான் கட்ட வேண்டும் என்றிருந்தது. அதற்கு முந்தைய வருடம் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவள், நான் கேட்க வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனாள். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அக்காவிடம்தான் சொன்னேன்.

பெண்ணின் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை செய்தார். லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். லீவு நாளில் புதர்க்காட்டுக்குக் கௌதாரி சுடப் போவார். அப்போது சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. பின்னால் சட்டம் மாறி, துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டார். அந்தப் புதர்க்காட்டில் இப்போது வீட்டுமனைக்குக் கல் நட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் விடிகாலையில் அங்கே கௌதாரி கூப்பிடுவது லைன் வரைக்கும் கேட்கும்.

அவர் கேட்டதற்கெல்லாம் நான் தலையை மட்டும் ஆட்டினேன். கடைசியில் அவர் சிரித்தார்.

"இன்னா தம்பி, பொண்ணப் பாக்க வந்தீங்களா, குட்டியப் பாக்க வந்தீங்களா?"

"அவனுக்கு நாய்ன்னா உசுருங்க" என்று அக்கா முந்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் நாயே இருந்ததில்லை.

"அப்டியா? அப்ப சொல்லுங்க. இதுல வேட்டைக்கு எது ஆவும்?"

ஆணியில் மாட்டியிருந்த ஒரு கயிற்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதன் நுனியில் காய்ந்த கௌதாரி இறக்கை கட்டியிருந்தது. நான் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். உடனே உடம்பு லேசாகிவிட்டது. இறக்கையை இழுத்தேன். குட்டிகள் விழுந்தடித்துக்கொண்டு வந்தன.

அப்போது தரை ஒரு உதறு உதறியது. அலமாரியில் பாத்திரங்கள் கிடுகிடுத்தன. நான் கையில் அகப்பட்ட குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் யாரும் அசையவில்லை. அவர் மட்டும் சுரங்கம் இருந்த பக்கம் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். விபத்து என்றால் சங்கு ஊதும். ஊதவில்லை. அவர் மூச்சை விட்டார். அடுப்படி வாசலில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

"அடியில பாறை வெடிக்குது தம்பி. ஏர் பிளாஸ்ட்டுன்னு சொல்லுவோம். எங்க குட்டிங்க அதுலயே பொறந்ததுங்க. ஒண்ணுனா ஓடிச்சா பாருங்க. சத்தத்துக்கு அஞ்சாதது எதுவோ அதான் துப்பாக்கிக்கு ஆவும். நீங்க ஆவமாட்டீங்க."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எழுந்து போகவும் வழியில்லை. திரும்ப உட்கார்ந்து இறக்கையை இழுத்தேன். அந்த ஊரில் இப்போது தரை உதறுவதில்லை. சுரங்கம் மூடியதோடு அதுவும் நின்றுவிட்டது.

பெரிய குட்டி ஒன்று பாய்ந்து இறக்கையைக் கவ்வியது. இழுத்தால் உறுமியது. கயிற்றோடு என் கையையும் சேர்த்து இழுத்தது.

"அதான் குட்டி" என்றார் அவர்.

அதன் வாயிலிருந்து பிடுங்கி மறுபடி போட்டேன். நெற்றியில் வெள்ளைக் கோடு போட்ட சின்னது ஒன்று எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தது. நான் இறக்கையைத் தொட்டதும் வாயைத் திறந்து விட்டுவிட்டது. தெரியாமல் விட்டதோ என்று இன்னொரு தடவை போட்டேன். மறுபடியும் கொண்டுவந்து கொடுத்தது. கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது.

"எது, சொல்லுங்க."

சின்னதைக் காட்டினேன்.

"அதுவா? பூனை மாதிரி கீதே."

"ஏன் அதுன்னு கேளுங்கப்பா" என்று அடுப்படி வாசலிலிருந்து குரல் வந்தது. அப்போதுதான் தலை நிமிர்ந்தேன். காபி டம்ளர்களோடு அவள் நின்றிருந்தாள்.

"கேட்டா குடுக்குது" என்றேன். அந்த வீட்டில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"விட்டுக் குடுக்கறது ஒரு நாயா?" என்றார் அவர்.

"போன நாயி இன்னா பண்ணுச்சு? நீங்க சுட்டத புதருக்குள்ளயே தின்னுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வரல? நீங்களும் வெறும் பையோட வரல?" என்றாள் அவள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் சொன்னது சரியாகத்தான் போயிற்று. அந்தக் குட்டி வளர்ந்து, இறகு கலையாமல் கௌதாரியைக் கையில் கொடுத்தது. வேட்டை நின்ற பிறகு, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டிலிருந்து வந்த பையில் இருந்து கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துவந்து நம் மடியில் வைத்தது. பல் பட்ட அடையாளம் இருக்காது. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிய வேண்டியிருந்ததும் வேறு.

காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம். "கலந்து பேசிட்டு சொல்லி அனுப்பறோம்" என்றார் அவர். அந்த ரெண்டு பேரிடமும் இதையேதான் சொல்லியிருப்பார். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் சின்னக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். யாரையும் பார்க்காமல் குட்டியின் காதைத் தடவியபடி சொன்னாள்.

"இது இன்னும் பாலு மறக்கல. தாயி கிட்டருந்து பிரிச்சி எடுத்துக்கினு போவ முடியாது. பொறுக்கி எடுத்தவங்கதான் வந்து பாத்துக்கணும்."

எனக்கு அது குட்டியைப் பற்றிய பேச்சாகவே பட்டது.

"எப்ப வரணும்?" என்று கேட்டேன்.

அக்கா என் இடுப்பில் கிள்ளினாள். அந்தப் பெண் குட்டியோடு உள்ளே ஓடிவிட்டாள். அவள் அப்பா கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பஞ்சாங்கத்தப் பாத்துதான் சொல்லணும், மாப்ள" என்றார்.