பீரங்கிக்கு வைத்த பொட்டு

எனக்கு நாலு பேர் முன்னால் நிற்கவே வராது. கல்யாண வீட்டில்கூடச் சுவரோரமாகப் போய்ச் சுவரோரமாகவே திரும்பி வந்துவிடுவேன். அப்படிப்பட்ட என்னை ஒரு பீரங்கி தேடிப் பிடித்தது.

அப்போது செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடி அறையை ஒரு வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். காலையில் ஆசிரமத்துக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு வருவார். சாயங்காலம் மொட்டை மாடியில் ரிமோட்டை வைத்துக்கொண்டு டாங்கி ஓட்டுவார். முறம் அளவு இருக்கும். அசல் ராணுவ டாங்கி மாதிரியே மேலே சுழலும் பீரங்கி. குண்டெல்லாம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம்தான் பாயும். பட்டால் எதிர் டாங்கி குலுங்கி நின்றுவிடும்.

என் வீட்டுக்காரர் டி.வி. ரிப்பேர் செய்கிறவர். அதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பழைய டேப் ரெக்கார்டர் மோட்டார்களை வைத்துத் தானும் ஒன்று செய்தார். அதோடு விட்டாரா? ரிமோட்டைத் தொடாமல் பீரங்கி தானாகவே எதிரியைத் தேடித் திரும்ப வேண்டும் என்று ஆரம்பித்தார். வெள்ளைக்காரர் தன் ஊரிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா தருவித்துக் கொடுத்தார். ஒரு நிறத்தை அதற்குக் காட்டிப் பொத்தானை அழுத்தினால், அந்த நிறம் போகிற பக்கமெல்லாம் பீரங்கி திரும்பும். எதிர் டாங்கியில் சிவப்பு ரிப்பன் கட்டி, கேமராவுக்குச் சிவப்பைப் பழக்கினார்.

பெங்களூரில் இதே பைத்தியம் பிடித்தவர்கள் கூடி டாங்கிச் சண்டை விடுகிறார்களாம். "என் டாங்கி ஓடும். உங்க பீரங்கி விடாம பாக்கணும். பாத்தா, நீங்க என்கூட பெங்களூர்," என்று வெள்ளைக்காரர் சொல்லிவிட்டார். இந்தக் கிறுக்கைப் புரிந்துகொள்கிற இன்னொரு ஆளை என் வீட்டுக்காரர் இந்த ஊரில் கண்டதில்லை. பை கட்டாத குறைதான்.

பரீட்சை விஜயதசமி காலையில். முந்தின நாள் ஆயுத பூஜை. தையல் மிஷின், சைக்கிள், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். டாங்கியை மட்டும் விடுவானேன்? பீரங்கி முனையில் நன்றாகப் பெரிய பொட்டாகவே வைத்தேன்.

விடிந்ததும் அக்கம்பக்கத்து மாடியெல்லாம் ஜனம். நான் படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால். இவர் ஸ்விட்சைப் போட்டார். எதிர் டாங்கி வலப்பக்கம் ஓட, பீரங்கி இடப்பக்கம் திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது. தன் வாலைப் பிடிக்கப் பார்க்கும் நாய் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

இவர் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். கேமரா பீரங்கியை ஒட்டி இருந்தது. அதன் பார்வையில் இடது ஓரமாக என் குங்குமப் பொட்டு. பொட்டைப் பிடிக்கத் திரும்பினால் பொட்டும் கூடவே திரும்புகிறது.

"இன்னாமே, பீரங்கிக்கும் பொட்டா?"

நான் கதவை விட்டு வெளியே வந்தேன். "ஆயுதந்தானேங்க அது?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தொடச்சிடட்டா?"

"ஐயோ, பூஜையில வச்சதுங்க. நல்ல நாளும் அதுவுமா..."

துணியை எடுத்தார். யோசித்தார். கீழே வைத்தார். "சரி வுடு, நெறத்த மாத்திக்கலாம்."

பூஜை வாழையிலையில் ஒரு துண்டு கிழித்து எதிர் டாங்கியில் சொருகினார். கேமராவுக்குப் பச்சையைக் காட்டினார். இந்தத் தடவை பீரங்கி நிதானமாகத் திரும்பியது. இலையைத் தாண்டியது. என் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

பூஜைக்கு எடுத்த என் புதுச் சேலை வாழையிலைப் பச்சை. துண்டு இலையைவிடச் சேலை ஜாஸ்தி இல்லையா?

பக்கத்து மாடிக்காரி சும்மா இருப்பாளா? "எக்கா, இத்தினி வருசமா உன்ன ஏறெடுத்துப் பாக்காத மனுசன், இப்ப பீரங்கிய வுட்டுப் பாக்கறாருக்கா!"

கீழே ஓடிவிடலாம் என்று திரும்பினேன். வெள்ளைக்காரர் தன் டாங்கியை நிறுத்திவிட்டு, "டாங்கி வேணாம். அம்மா நடங்க, அந்தச் சுவர் வரைக்கும். பீரங்கி பாக்குதா, பாக்கலாம்," என்றார்.

இத்தனை பேர் பார்க்கவா? இவர் 'நட' என்று சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். ஆனால் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக, ரிசல்ட் போர்டு முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தேன்.

"ஓரமா போவாதக்கா, நடுவுல நட!"

நடுவில் வந்தேன். பின்னால் கிர்ரென்று மோட்டார் சத்தம். நின்றேன், சத்தமும் நின்றது. வந்த வழியே திரும்பினேன், அதுவும் திரும்பியது. எனக்கே விளையாட்டாகிவிட்டது. வேகமாகப் போய்ச் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். ஏமாறவே இல்லை. சுவரைத் தொட்டபோதும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"பெங்களூர்!" என்று வெள்ளைக்காரர் கை தட்டினார். இவர் டாங்கியைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டார்.

கிளம்புகிற அன்று, "நீயும் வாமே. நீ நடந்தாத்தான் இது ஒழுங்கா திரும்பும்," என்றார்.

"நான் வரலீங்க. இத எடுத்துக்கினு போங்க," என்று அந்தப் பச்சைச் சேலைக்கு ரவிக்கை தைத்த மிச்சத் துணியைப் பையில் வைத்தேன்.

எதிர் டாங்கியில் அதைத்தான் கட்டினாராம். நான் பார்க்காத பெங்களூரை என் ரவிக்கைத் துணி பார்த்துவிட்டு வந்தது. பீரங்கிப் பொட்டும்தான்.