பார்க்க வருகிறவர்களின் அறை

கூடத்திலிருந்து, அன்று வந்திருந்த நாத்தனாரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்து முடித்ததும், கைபேசியில் யாருக்கோ உரக்கச் சொல்லும் குரல் வந்தது.

“சோபா இருக்கு, டிவி இருக்கு, தாராளமா பத்துப் பேர் உட்காரலாம். ஞாயித்துக்கிழமையா பார்த்து ரூம் போட்டுட்டேன். எல்லாருக்கும் லீவு பாரு! காலையில ஆபரேஷன். மத்தியானம் வந்தீங்கன்னா பிள்ளையைக் கையிலயே வாங்கிடலாம்!”

படுக்கையறையில் ஒருக்களித்துப் படுத்திருந்த வேன்காரியின் கை, வயிற்றின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமையா? யாருடைய வயிறு? யாருடைய ரத்தம்? ஒருத்தியின் வயிற்றைக் கீறி ஓர் உயிரை எடுக்கும் நாளை, சொந்தக்காரர்களில் யார் யாருக்கு விடுமுறை என்று பார்த்தா குறிப்பார்கள்?

வேன்காரி என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். சின்ன வயதிலேயே தாயை இழந்தவள். லாரி டிரைவரான அப்பா மகளை வீட்டில் தனியே விட மனமில்லாமல், முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டே வளர்த்தார். மற்ற பிள்ளைகள் தாலாட்டு கேட்டுத் தூங்கினார்கள் என்றால், இவள் இன்ஜின் சத்தத்தில் தூங்கினாள். ஒருமுறை வழியை மறித்து நின்ற பஸ் டிரைவரிடம், கண்ணாடியை இறக்கி, “அண்ணே, இது உங்க வீட்டு வாசலா? பாய் விரிச்சுப் படுத்துக்கிறீங்களா?” என்று கேட்டாள். பஸ் பின்னால் போனது. வேனுக்குள் இருந்த வால்கள் எல்லாம் கைதட்டின. இரண்டாவது பிள்ளையைச் சுமக்கும் இந்தத் தடவையும் ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கத் தொடங்கிய பிறகுதான் சாவியை வேறு டிரைவரிடம் கொடுத்தாள்.

தெருவில் அப்படி இருந்தவளுக்கு, வீட்டுக்குள் வாயே கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில், அவள் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார், கணவனின் அக்கா, அவளை “வா கண்ணு” என்று கூப்பிட்டாள். தாயில்லாப் பெண்ணுக்கு அந்த ஒரு சொல் போதாதா? அன்று உருகியவள்தான். அதற்குப் பிறகு அண்ணி கிழித்த கோட்டை அவள் தாண்டியதே இல்லை.

முதல் பிரசவமும் அண்ணி சொன்ன தனியார் மருத்துவமனையில்தான். அதுவும் ஆபரேஷன்தான். பளபளக்கும் தரை, மெல்லப் பேசும் நர்சுகள், கதவில் பூ ஒட்டிய தனி அறை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறைக்கு வந்தவர்களை என்ன சொல்ல!

வாசலில் இருந்த பெண் யாரையும் தடுக்கவில்லை. ஏன் தடுப்பாள்? வருகிறவர்கள் அத்தனை பேரும் நாளைய நோயாளிகள் ஆயிற்றே! அலை அலையாக வந்தார்கள். சோபா நிறைந்தது, கட்டிலின் ஓரமும் நிறைந்தது. ஒவ்வொரு கூட்டமும் “கொஞ்சம் எழுந்து உட்காரும்மா, போட்டோ எடுத்துக்கறோம்” என்றது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் எழுந்து உட்கார்ந்தாள். சிரித்தாள். ஐயோ, சிரித்தாள்! குழந்தை கைமாறிக் கைமாறி அறை முழுக்கச் சுற்றியது. திரும்பி வந்தபோது அதன் மேல் யார் யாருடைய சென்ட் வாசனையோ வீசியது. அது பசித்துக் கத்தியபோது, மாமனார் முறைக்காரர் ஒருவர் எதிரே உட்கார்ந்து டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் எப்படிப் பால் கொடுப்பாள்? மேட்ச் முடியட்டும் என்று காத்திருந்தாள். குழந்தை அழுது அழுது ஓய்ந்து, வெறும் வயிற்றோடு தூங்கிப்போனது.

வீட்டுக்குப் போக வேண்டிய நாளில் காய்ச்சல் அடித்தது. தையல் பிரிந்து சீழ் வைத்திருந்தது. ஆற மாதக்கணக்கானது. “உனக்கு உடம்பு வாகு அப்படி” என்றார்கள். எப்பேர்ப்பட்ட அநியாயம்! அவளைப் பாடாய்ப் படுத்தியவர்கள், பழியை மட்டும் அவள் உடம்பின் மேல் போட்டார்கள்.

இந்த முறை அவள் யாரிடமும் கேட்காமல் அரசு மருத்துவமனைக்குத்தான் பரிசோதனைக்குப் போய்வந்தாள். டாக்டர் குறித்த நாளைக் கணவனிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

கைபேசியை வைத்துவிட்டு நாத்தனார் படுக்கையறைக்குள் வந்தாள். 

“முழிச்சுதான் இருக்கியா? ரூம் போட்டாச்சு கண்ணு. போன தடவையைவிடப் பெரிசு.”

வேன்காரி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். “அண்ணி, டாக்டர் செவ்வாய்க்கிழமைன்னு சொல்லியிருக்காரு. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில.”

“எந்த டாக்டர்?”

“போன தடவை பார்த்தவரேதான். காலையில அங்க இருப்பாரு, சாயங்காலம் நீங்க சொல்ற இடத்துல இருப்பாரு.”

“அப்ப சாயங்கால டாக்டரையே வச்சுக்குவோம். காலையில இருக்கிறவரு வள்ளுனு விழுவாராமே?”

“ஆளு ஒண்ணுதானே அண்ணி?”

“ஆளு ஒண்ணு, மூஞ்சி ரெண்டு. நாம காசு குடுத்து சிரிச்ச மூஞ்சியை வாங்கிக்கறோம். அதுல உனக்கு என்ன நஷ்டம்?”

“சிரிச்ச மூஞ்சி எனக்கு ரத்தம் ஏத்துமா? பழைய தையல் இருக்கிற இடம், ரத்தம் நிறைய போகலாம்னு சொல்றாரு. அங்கேயே ரத்த வங்கி இருக்கு. பிள்ளைக்கு மூச்சு முட்டினா பார்க்க எந்நேரமும் ஆள் இருக்கு. நீங்க சொல்ற இடத்துல ஞாயித்துக்கிழமைன்னா குழந்தை டாக்டர் வீட்ல இருப்பாரு. கூப்பிட்டாதான் வருவாரு. நான் விசாரிச்சுட்டேன்.”

நாத்தனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் கெட்டவள் அல்ல. கூட்டம் கூடினால்தான் பாசம் என்று நம்புகிறவள். 

“அங்க கட்டில் கட்டிலா வரிசையாப் போட்டிருப்பான். பக்கத்துல ஒருத்தி முனகுவா, எதிர்ல ஒருத்தி கத்துவா. பாத்ரூம் பக்கம் தலை வச்சுப் படுக்க முடியாது. நர்சு வாயைத் திறந்தா கேட்க முடியாது.”

“தெரியும் அண்ணி. என்னையே ஒரு சிஸ்டர், ‘காலைச் சீக்கிரம் நகர்த்து, நீ என்ன மகாராணியா’ன்னு கேட்டாங்க.”

கேட்டார்கள்தான். அதை நினைத்தால் நமக்கும்தான் வயிறு எரிகிறது. ஒரு பக்கம் திட்டு வாங்க வேண்டும், இன்னொரு பக்கம் பொருட்காட்சிப் பொம்மையாகச் சிரிக்க வேண்டும். பிள்ளை பெறப் போகிறவளுக்கு இந்த இரண்டை விட்டால் மூன்றாவது வழி கிடையாதா? யாரிடம் போய்க் கேட்பது?

“எல்லாத்தையும் விடு. அங்க ஒருத்தரும் உன்னை வந்து பார்க்க முடியாதே! சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் விடுவான். மத்த நேரமெல்லாம் வாசல்ல வாட்ச்மேன் எமன் மாதிரி நிப்பான்!”

“அந்த வாட்ச்மேனுக்காகத்தான் அண்ணி போறேன்.”

நாத்தனார் கட்டிலை விட்டு எழுந்தாள். 

அந்த நேரம் பார்த்து, வேலை முடிந்து கணவன் உள்ளே வந்தான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். கிரீஸ் படிந்த கையோடு அறை வாசலிலேயே நின்றான்.

“கேட்டியாடா உன் பொண்டாட்டி பேச்சை? நாங்க யாரும் வந்து பார்க்கக் கூடாதாம். நான் அவளுக்கு என்னடா குறை வச்சேன்?” நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

வேன்காரிக்கும் கலங்கியது. ஆனால் இன்று அவள் விடுவதாக இல்லை. 

“குறைன்னு சொல்லலை அண்ணி. அன்னிக்கு அந்த ரூமுக்கு எத்தனை பேர் வந்தீங்க? ஒருத்தராவது ‘வலிக்குதா’ன்னு கேட்டீங்களா? என் பிள்ளை பசியில கதறினப்ப ‘கொஞ்சம் எல்லாரும் வெளிய போங்க’ன்னு சொல்ல ஒரு நாதி இல்லையே! ரோட்ல லாரிக்காரனையே அதட்டுற எனக்கு, அன்னிக்கு வாய் வரலை. அதுக்கு நான் இன்னும் அழுதுட்டிருக்கேன்.”

பிறகு அவள் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். 

“அண்ணி, அந்த வார்டுல ஆம்பளைங்களைத் தங்க விடமாட்டாங்க. கூட ஒரு பொம்பளை இருக்கலாம். எங்க அம்மா இருந்தா அம்மா வந்திருக்கும். நீங்க வர்றீங்களா? என்னைக் கைத்தாங்கலாப் பிடிச்சு நடக்க வைக்கணும், துணி மாத்தணும், பிள்ளையை எடுத்துத் தரணும். உங்களைத் தவிர எனக்கு யாரு இருக்கா?”

வாசகர்களே, அந்த நொடியில் அந்த அம்மாள் ‘வர்றேன் கண்ணு’ என்று சொல்லியிருந்தால், எல்லாவற்றையும் மன்னித்திருக்கலாம். 

“நானா?” என்றாள் நாத்தனார். “அங்க, அந்த ஸ்டூல்ல உட்கார்ந்துக்கிட்டா? பெட்பேன் எடுத்துக்கிட்டா? தெரிஞ்சவங்க யாராவது பார்த்தா என் மானம் என்னாகிறது?”

அவ்வளவுதான். வேன்காரி தலையணைக்கு அடியிலிருந்து கைபேசியை எடுத்தாள். வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் ஆயாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டே கேட்டாள்.

“அதுக்கு எதுக்கும்மா இவ்வளவு தயங்கித் தயங்கிக் கேட்கிறே?” என்றது ஆயாவின் குரல். “உன் வேன்ல வாந்தி எடுத்த வாலுங்களையெல்லாம் தொடைச்சு விட்டவ நான். உன்னைத் தொடைக்க மாட்டேனா? செவ்வாய்க்கிழமை பாயைச் சுருட்டிக்கிட்டு வர்றேன். நீ மட்டும் ஆபரேஷன் டேபிள்ல ஹாரன் அடிக்காம இரு!”

வேன்காரி அழுதுகொண்டே சிரித்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டியபடி தம்பியின் பக்கம் திரும்பினாள். 

“நீ என்னடா சொல்றே? இவ சொல்றதுதான் உனக்கும் முடிவா? போட்ட ரூமு?”

அவன் கையிலிருந்த கிரீஸைக் கால்சட்டையில் துடைத்தான். அக்கா எதிரில் நிமிர்ந்து பேசியே பழக்கமில்லாதவன். 

“செவ்வாய்க்கிழமைக்கு லீவு சொல்லிட்டேன்க்கா. ரத்தம் கொடுக்க, கூட வேலை செய்யற ரெண்டு பசங்களையும் கேட்டு வச்சிருக்கேன். அந்த ரூமை வேண்டாம்னு சொல்லிடு.”

வேன்காரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் வாய் திறக்காத மனிதன், அவளுக்கே தெரியாமல் அவள் பக்கம் வந்து நின்றிருந்தான்!

“ஓ! எல்லாம் பேசி முடிச்சுட்டுதான் என்னைப் பைத்தியக்காரி ஆக்கினீங்களா?” நாத்தனார் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். ஒரு கால் உள்ளே போகவில்லை. உதறிவிட்டு மறுபடி மாட்டினாள். “பிள்ளை பொறந்தா எனக்குச் சொல்லி அனுப்பாதீங்க. நான் வரமாட்டேன்.”

“சொல்லுவோம்க்கா,” என்றான் அவன். “வீட்டுக்கு வந்த பிறகு, அவளால எழுந்து உட்கார முடியறப்ப நாங்களே கூப்பிடறோம். அப்ப வந்து பாரு.”

அவள் படியிறங்கினாள். எப்போதும் தெருமுனை வரை அக்காவோடு நடந்து போய் ஆட்டோ ஏற்றிவிடுகிறவன், இன்று வாசலோடு நின்றுகொண்டான். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்.