வள்ளிக்கு அளவு கொடுத்தவன்

வசம்பும் காய்ந்த வேப்பிலையும் பழைய பட்டும் கலந்த வாசனை ஒன்று உண்டு. தகரப் பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் அது மூக்கில் ஏறி, ஏறிய வேகத்திலேயே முழங்காலுக்கு இறங்கிவிடும். மற்ற பிள்ளைகள் நடுங்குவதற்கு யாராவது மெனக்கெட்டுப் பேய்க்கதை சொல்ல வேண்டியிருந்தது; எனக்குப் பெட்டி திறந்தால் போதும். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் அந்தப் பெட்டியை வருஷத்துக்கு ஒரு தடவை, மார்கழியில் அரைப் பரீட்சை லீவு விட்டதும் அம்மா திறப்பாள். உள்ளே ஒரே ஒரு பட்டுப் பாவாடை. அது என் அக்கா வள்ளியுடையது. அக்கா என்றால் பத்து நிமிஷம் மூத்தவள், நாங்கள் இரட்டை. நாலு வயதில் இரண்டு பேருக்கும் சேர்ந்தே அம்மை போட்டது. அவள் போய்விட்டாள், நான் தங்கிவிட்டேன்.

கன்னியாகப் போன பெண்ணுக்கு வருஷா வருஷம் பாவாடை, வளையல், ரிப்பன் வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டில் மாடு கிடையாது என்பதால் மாட்டுப் பொங்கல் வள்ளியின் நாளாகிவிட்டது. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பட்டு நெய்த என் அப்பா, நாங்கள் கூப்பிடுகிறபடி நைனா, வீட்டாருக்குப் பருத்தியோடு நிறுத்திக்கொண்டார். எங்கள் வீட்டில் பட்டு உடுத்தியவள் செத்துப்போனவள் ஒருத்திதான். அந்தப் பாவாடையை அவர் வேண்டுமென்றே நீளமாக நெய்து, மிச்சத்தை உள்பக்கம் மடித்து மடித்து "டக்கு" பிடித்துத் தைக்கச் சொல்லியிருந்தார். வருஷம் ஒரு டக்கைப் பிரித்து அம்மா பாவாடையை இறக்குவாள். ஏனென்றால் வள்ளி வளர்ந்துகொண்டிருந்தாள். சாவு அவளுடைய சாப்பாட்டை நிறுத்தியதே தவிர வளர்ச்சியை நிறுத்தவில்லை என்பது அம்மாவின் கட்சி. எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று தெரிய ஓர் அளவு வேண்டுமே. இரட்டைப் பிறவி, அடியேன் எதற்கு இருக்கிறேன்?

மற்றபடி அந்த மழைக்கால மாதங்களைப்போல் இனிமையான மாதங்கள் கிடையாது. ஐப்பசி அடைமழையில், தறியில் பூட்டிய பாவு நூல் நமுத்துப்போய்த் தறி ஓடாது. நைனாவுக்கும் எங்களுக்குப் போலவே லீவு. பாவுக்கு அடியில் ஈரம் போக அவர் கணப்புச் சட்டி வைப்பார். நூலுக்கு வைத்த சூட்டில் முக்கால்வாசியை அம்மாவும் நானும் சுற்றி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தபடியே எடுத்துக்கொள்வோம். தீபாவளி அதிரசம் கல்லாகி, கல் தீர்ந்து கார்த்திகை வந்துவிடும். பனம்பூக் கரியைத் துணியில் முடிந்து, நெருப்பு வைத்து, தலைக்கு மேல் சுழற்றும் "மாவலி"யில் தெருவெல்லாம் பொறி பறக்கும்.

எனக்கு ஒன்பது வயதான கார்த்திகையில், அப்படிப் பொறி பறந்துகொண்டிருந்தபோதுதான் எதிர்வீட்டு மாணிக்கம் அதைச் சொன்னான். "உங்கக்கா உன்னத் தொரத்திக்கினே வராடா. உன் ஒசரம் ஆயிடுச்சி, உன் வயசு ஆயிடுச்சி. பாக்கி உன் எடம் ஒண்ணுதான்."

அதற்குப் பிறகு நான் கொல்லைப் பக்கம் தனியாகப் போன கதையை எழுத முடியாது. போகவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். யோசித்துப் பார்த்ததில் வழி ஒன்றுதான் தென்பட்டது: நான் வளரக் கூடாது. நான் நின்றால் அவளும் நிற்பாள். சோறுதான் வளர்க்கிறது என்று கேள்விப்பட்டதால் மறுநாள் காலையிலிருந்து சோற்றைத் துறந்தேன். மத்தியானம் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வாசனை வந்ததும் துறவறம் கலைந்தது. அப்புறம்தான் அளவிலேயே கை வைப்பது என்ற மகா யோசனை உதித்தது.

மார்கழி லீவில் அம்மா பெட்டியைத் திறந்தாள். குளிருகிறது என்று சொல்லி நைனாவின் கைலியை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து நின்றேன். மழை மூட்டத்தில் தறிவீடு இருட்டாக இருந்தது. அம்மா குனிந்து, சிவப்புப் பட்டு நூலை என் இடுப்பில் வைத்துத் தரைவரைக்கும் விட்டாள். நான் கைலிக்குள்ளே முழங்காலை மடக்கினேன். கொஞ்சமாக மடக்குவதாகத்தான் திட்டம். ஆனால் நூல் காலில் பட்டதும் வள்ளியே தொட்டதுபோல் உடம்பு ஆடி, திட்டமிட்டதைவிட நன்றாகவே தாழ்ந்துவிட்டேன்.

அம்மா நூலைப் பாவாடையோடு வைத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நைனாவிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "ரெண்டு வெரக்கடை கொறையுதுபா. கொழந்த எளைச்சிக்கினு வருது."

நைனா என்னை ஒரு பார்வை பார்த்தார். கைலியையும் பார்த்தார்.

அதற்குப் பிறகு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அம்மை இறங்குகிற சமயத்தில் வள்ளி இப்படித்தான் சுருங்கினாள், இடுப்புத் துணி நிற்காமல் நழுவியது என்று, அதுவரைக்கும் வாய் திறந்து சொல்லாததையெல்லாம் அடுப்படியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பேயிடமிருந்து தப்பித்த நான் வீட்டுக்குள்ளே நிம்மதியாக நடமாடியிருக்க வேண்டும். ஆனால் அடுப்படிப் பக்கம் போகாமல் சுற்றி நடந்தேன். மூன்றாம் நாள் காலையில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசி கோத்தாள். போன வருஷம் பிரித்த டக்கை மறுபடி மடித்து, சின்னச் சின்னத் தையலாக, பாவாடையைக் குட்டையாக்கத் தொடங்கினாள். செத்துப்போன பிள்ளையை அவள் இரண்டாம் தடவை சாகவிட்டுக்கொண்டிருந்தாள் என்று இன்றைக்கு அழகாக எழுதத் தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அந்த ஊசி இன்னொரு தையல் போட்டால் நான் செத்துவிடுவேன் என்பதுதான்.

எல்லாவற்றையும் சொன்னேன். மாணிக்கம், முழங்கால், கைலி என்று முன்பின்னாக, மூக்கும் கண்ணும் சேர்ந்தொழுக. அடிக்கு வசதியாக முதுகையும் திருப்பிக் காட்டியாயிற்று. அடி விழவில்லை. தறிக்குழியில் உட்கார்ந்திருந்த நைனா மட்டும், "நெசவுக்காரன் ஊட்டுல அளவுல ஏமாத்தற பய," என்று பாவு நூலைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். பட்டு நூலை எடுத்துக்கொண்டு சொன்னாள்.

"அவ எங்கடா உன்னத் தொரத்தறா? நீதான் அவள இஸ்துக்கினு போற. நீ வளந்தாதான் அவளுக்கு வளத்தி. நேரா நில்லு."

நின்றேன். நூலை இடுப்பில் வைத்தவள் நிமிர்ந்து பார்த்து, "குதிகாலத் தூக்கு. அவ உன்னவிட ஒரு வெரக்கடை ஒசரம்," என்றாள். கட்டைவிரல் நடுங்க நடுங்க, அவள் முடிச்சுப் போடும் வரைக்கும் எக்கி நின்றேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். யாரோ என் கையைப் பிடித்திருப்பதுபோலவும், விட்டுவிட்டால் அவள் விழுந்துவிடுவாள் என்பதுபோலவும் இருந்தது. அது முந்தின பயத்தைவிடக் கனமானது.

நாலு வருஷம் அப்படி அளவு கொடுத்தேன். பதின்மூன்றாவது வயதில் அம்மா, வள்ளி இந்நேரம் பெரியவளாகியிருப்பாள், இனிமேல் புடவைதான் என்று தீர்மானித்தாள். நைனா நெய்தார். புடவைக்கு ஆள் அளவு கிடையாது. குட்டைக்கும் நெட்டைக்கும் ஒரே நீளம். எனக்கு விடுதலை. அந்த மார்கழியில் பெட்டி திறந்த சத்தம் கேட்டதும், பழக்க தோஷத்தில் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். அம்மா புடவையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

அப்புறம் வள்ளி எப்படி வளர்ந்தாள் என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். "போன வருசம் மாம்பழக் கலரு அவளுக்குப் புடிக்கலபா," என்பாள். நைனா மறுபேச்சில்லாமல் இலைப்பச்சை போடுவார். எனக்கு முதல் நரை தெரிந்த வருஷம், "வயசாவுதில்ல, அரக்கு போதும்," என்று அம்மாவே குறைத்துக்கொண்டாள். நாற்பது வயது மகளுக்குப் புடவை பார்க்கிற தாயின் குரல்தான் அது, வேறொன்றும் இல்லை.

நைனா போனார். பின்னால் அம்மாவும் போனாள். பழைய வீட்டை இடித்து மாடி கட்டியாகிவிட்டது; மாவலி சுற்றப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, மாணிக்கம் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. படையல் மட்டும் விடவில்லை. இந்த மார்கழியிலும் கடையில் பாய் விரித்து, புடவைகளைப் பரப்பிவிட்டுக் கடைக்காரர் காத்திருந்தார். "உங்கக்காவுக்கு இன்னா கலர் எடுக்கறது?" என்று என் மனைவி கேட்டாள். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற ஆள் நான். ஐம்பத்தாறு வயதான ஒருத்திக்கு, என்னோடு கூடப் பிறந்தவளுக்கு, என்ன நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவரும் இல்லை.