எல்லாம் ஏறிய நாள்

பங்குச் சந்தையில் காலையில் வாங்கி அன்றைக்கே விற்றுவிடுகிற வியாபாரம் என்னுடையது. அதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த முன்னறையில் ஒரு மேசையும் கணினியும் போதும். விலையைவிட நான் பார்ப்பது, ஏறிய பங்குகள் எத்தனை, இறங்கியவை எத்தனை என்பதைத்தான். சில நாட்களில் அது ஒரேயடியாய் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கண்ணில் படுகிறதெல்லாம் ஏறும். அதைக் கண்டதும் பாய்ந்து வாங்குகிறவர்களை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஏற்றம் நல்ல காலத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம், ஓய்வதற்கு முன் வருகிற கடைசி வேகமாகவும் இருக்கலாம். அடுத்த நாளும் தாங்குகிறதா என்று பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது.

கணவரின் கட்டிலையும் அதே அறையில்தான் போட்டிருந்தேன். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். ஈரல் பழுதாகி, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. என்றாலும் சந்தை திறந்ததும் என்னைச் சீண்டாமல் விடமாட்டார்.

"என்ன, இண்டைக்கு எத்தினை பேர் மேல, எத்தினை பேர் கீழ?"

ஒரு வியாழக்கிழமை காலை அவர் தானாகவே எழுந்து உட்கார்ந்திருந்தார். இடியப்பமும் சொதியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சவரம் செய்துவிடச் சொன்னார். எட்டிப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரரோடு வாய்விட்டுச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று நான் கணினியைத் திறக்கவேயில்லை.

மத்தியானம், கொழும்பில் வேலை செய்யும் எங்கள் ஒரே மகளைப் பற்றிக் கதை எடுத்தார்.

"பிள்ளையை இரவு பஸ்ஸில வரச்சொல்லும்."

"நாளைக்கு அவளுக்கு வேலையெல்லோ. சனிக்கிழமை வருவாள்தானே. நீங்கள் இப்ப சுகமாய்த்தானே இருக்கிறியள்?"

"எல்லாம் ஒண்டாய் ஏறினால் கவனமாய்ப் பாக்கவேணும் எண்டு நீர்தானே சொல்லுறனீர்."

"அது பங்குக் கதை. பேசாமல் படுங்கோ" என்று அதட்டினேன். ஊருக்கெல்லாம் சொல்கிற புத்தி எனக்கு எங்கே போனது? அவர் எனக்கு வேண்டும். அவ்வளவுதான். மகளுக்குப் போன் எடுத்து, அப்பா தேறிவிட்டார், அவசரமில்லை, ஆறுதலாக வா என்றேன். சந்தோஷத்தில் அவள் அழுதாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது அவர் இல்லை.

சனிக்கிழமை ஆண்கள் அவரைச் சுடலைக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் வீடு கழுவினார்கள். நானும் மகளும் குசினி வாசலில் இருந்தோம். வந்ததிலிருந்து அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அம்மா, வியாழக்கிழமை அப்பா என்ன சாப்பிட்டவர்?"

சொன்னேன். எத்தனை இடியப்பம், யாரோடு சிரித்தார், குரல் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாய்க் கேட்டாள். தெரிந்ததெல்லாம் சொன்னேன்.

"என்னை வரச்சொல்லிக் கேட்டவரோ?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு ஏலவில்லை.

"ஓம்" என்றேன்.